எண்ணெய் வந்த வழி

பெட்ரோலியத்தின் சரித்திரத்தில் கிணறு தோண்டியவர்களுக்கு இடம் உண்டு. கம்பெனி நடத்திய கோடீஸ்வரர்களுக்கும், எண்ணெய்க்காக யுத்தம் செய்த ராஜ்யங்களுக்கும் தாராளமாகவே இடம் உண்டு. அந்த எண்ணெயை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைப் பற்றித்தான் அதிகப் பேச்சில்லை. கடைசிப் பத்து மைலைக் கடந்து வராத எண்ணெய் எந்த விளக்கையும் ஏற்றியதில்லை, எந்த வண்டியையும் ஓட்டியதில்லை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் இதை நினைத்துப் பார்க்கத் தகுந்த ஊர். பேச்சிப்பாறை அணைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ரப்பர் விதை 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போய், அங்கே முளைத்த நாற்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. பிறகு நம் மலைகளுக்கும் வந்தது ரப்பர். 1888-ல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்து வைத்திருந்தார். மோட்டார் பெருகப் பெருக ரப்பருக்கு மவுசு ஏறிற்று. ஆக, டயருக்கு வேண்டிய பாலை இந்த ஊர் கொடுத்தது. டயர் உருள வேண்டிய எண்ணெயை மட்டும் வெளியிலிருந்து எதிர்பார்த்து நின்றது. விடியுமுன் பால் வெட்டப் போகிறவரும், விடியுமுன் டாங்கர் லாரியை ஓட்டி வருகிறவரும் ஒரே தொழிலின் இரண்டு முனையில் நிற்பவர்கள் என்று சொன்னால் தப்பில்லை.

முதலில் வந்தது பெட்ரோல் அல்ல; மண்ணெண்ணெய். அமெரிக்காவிலிருந்து அது மரப்பெட்டியில் வந்தது. பெட்டிக்கு இரண்டு தகர டின். டின்னுக்கு நாலு கேலன் சொச்சம். எண்ணெய் தீர்ந்தபின் அந்த டின் தண்ணீர் சுமந்தது, அரிசி காத்தது, தகடாக அடிபட்டுக் கூரையிலும் ஏறியது. மாட்டு வண்டிக்காரருக்கு அந்த நாளில் பெரிய பயம் ஏதும் இல்லை. ஒரு டின் ஒழுகினால் ஒரு டின் எண்ணெய்தான் நஷ்டம்.

1892-ல் ‘மூரெக்ஸ்’ என்ற கப்பல் இந்த ஏற்பாட்டை மாற்றியது. டின்னும் பெட்டியும் இல்லாமல், வயிறு நிறைய எண்ணெயையே நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்த முதல் கப்பல் அது. அதன் பிறகு கீழ்நாட்டுத் துறைமுகங்களில் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் எழுந்தன. கூலி குறைந்தது, விலை இறங்கியது. ஆனால் எண்ணெய் ஓரிடத்தில் சேர்ந்தால் நெருப்பும் அங்கே சேர்ந்து காத்திருக்கும். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பலான எம்டன் சென்னைக்கு வந்தபோது, குண்டுக்கு முதல் இலக்காக அது தேர்ந்தெடுத்தது துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். தீயின் வெளிச்சத்தில் ஊரே கிடுகிடுத்துப் போயிற்று. ‘எம்டன்’ என்ற சொல்லும் நம் பேச்சில் தங்கிவிட்டது.

துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு எண்ணெயைக் கொண்டுபோனது ரயில். திருநெல்வேலிக்கு 1876-லும் திருவனந்தபுரத்துக்கு 1918-லும் ரயில் வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாஞ்சில் நாட்டுக்கோ 1979-ல்தான் வந்தது! அதுவரை கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும், மேற்கே திருவனந்தபுரம் சாலையுமே இந்தப் பிரதேசத்தின் வாசல்கள். ரயில் நின்ற இடத்தில் லாரிக்காரரின் வேலை ஆரம்பமாயிற்று. 1938-ல் திருவிதாங்கூர் சர்க்கார் பஸ் போக்குவரத்தைத் தானே நடத்தத் தொடங்கியபோது சீமையிலிருந்து டீசல் என்ஜின்களை வரவழைத்தது. மோட்டாரை நம்பி ஊர்கள் பழகிவிட்டன. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், எண்ணெய்க்குப் பட்ட பாடு அக்காலத்தவருக்குத் தெரியும். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். எண்ணெய் வராத நாளில்தான் அதைக் கொண்டுவந்தவரின் அருமை தெரிந்தது.

பிறகு 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1966-ல் கொச்சிக்குப் பக்கத்து அம்பலமுகளிலும், 1969-ல் சென்னை மணலியிலும் சுத்திகரிப்பு ஆலைகள் வேலை தொடங்கின. எழுபதுகளில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் தேசவுடைமையாயின. பங்க்கின் பெயர்ப் பலகை மாறிற்று. லாரி ஓட்டுகிறவரின் வேலை மாறவில்லை.

அந்த வேலை என்ன? டாங்கர் என்றால் பெரிய லாரி, அவ்வளவுதானே என்று நினைக்கக் கூடாது. மற்ற லாரியில் மூட்டை கட்டின இடத்தில் கிடக்கும். எண்ணெய் அப்படிக் கிடக்காது. பிரேக் போட்டால் வண்டி நிற்கும். உள்ளே எண்ணெய் நிற்காமல் முன்னே மோதும். வளைவில் திரும்பினால் அது எதிர்ப்பக்கம் ஓடி வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். இதற்காகத்தான் தொட்டியை அறை அறையாகப் பிரித்து, தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். அப்படியும், நிரம்பிய தொட்டியைவிடப் பாதி நிரம்பிய தொட்டியே பொல்லாதது. அதைவிட விபரீதம், காலித் தொட்டி. எண்ணெய் இறக்கிய பின்னும் உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தூரத்து அடுப்பைத் தேடிப் போகும். ஆகவேதான் புகைக்குழாயை முன்பக்கம் வைத்து அதற்குப் பொறிதடுப்பு மாட்டுகிறார்கள்; எண்ணெய் இறக்குமுன் மின்சாரம் தரைக்குப் போகக் கம்பி இணைக்கிறார்கள்.

வெயிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் நூறு லிட்டருக்கு மேல் பெருகும். குளிர்ந்தால் அதே கணக்கில் குறையும். அளவுகோலை இறக்கிப் பார்க்கிறவர்களிடம், பூட்டும் முத்திரையும் சரியாயிருந்தும் எண்ணெய் ஏன் குறைந்தது என்று பதில் சொல்ல நிற்பவர் டிரைவர்தான். திருட்டுப் பட்டமும் நெருப்புப் பயமும் அவருக்குக் கூடவே பிரயாணம் செய்கின்றன.

சட்டம் இவரை நினைத்தது மெதுவாகத்தான். பெட்ரோலியச் சட்டம் 1934-ல் வந்தது. ஆனால் அபாயச் சரக்கு ஓட்டுகிறவருக்கு மூன்று நாள் பயிற்சி தந்து, அதை லைசென்ஸில் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி, 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில்தான் இருக்கிறது. லாரியின் பக்கத்தில் 1203 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் என்பதற்கு உலகம் முழுவதும் வழங்கும் எண் அது. தீயணைப்புக்காரருக்கு அது ஒரு முழு வாக்கியம்.

டிரைவருக்குப் பயிற்சி வந்தது. சாலையோரத்து ஜனங்களுக்கு வரவில்லை. 2009 டிசம்பர் 31-ந் தேதி, கொச்சியிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் சாலையில் கருநாகப்பள்ளி அருகே சமையல் வாயு டாங்கர் கவிழ்ந்து வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் இன்னொன்று கவிழ்ந்து இருபது பேர் மாண்டார்கள். 2017 ஜூன் 25-ல் பாகிஸ்தானில் பஹாவல்பூர் பக்கத்தில் கவிழ்ந்த லாரியிலிருந்து ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்கக் குடமும் வாளியுமாக ஊரே கூடியது. 200-க்கு மேற்பட்டோர் எரிந்து போனார்கள். அவர்களைக் கொன்றது பேராசை என்று சொல்ல எனக்கு மனமில்லை. நம் பாட்டிமார் காலத்தில், ஒழுகின டின்னுக்கு அடியில் பாத்திரம் வைத்தது சிக்கனம். அதே பழக்கம் டாங்கர் தொட்டிக்கு முன்னால் மரணமாகிவிட்டது. எண்ணெய் டின்னிலிருந்து தொட்டிக்கு மாறிவிட்டது. நாம் இன்னும் டின் காலத்திலேயே இருக்கிறோம்.

குலசேகரத்துச் சாலை குறுகலானது, மழை அதிகம், வளைவுகளும் அதிகம். அங்கே ஒரு டாங்கர் முன்னே மெதுவாகப் போனால், பின்னாலிருந்து ஹாரன் அடித்து அவசரப்படுத்துவது நம் வழக்கம். மெதுவாகப் போவது அவருடைய சோம்பலால் அல்ல. உள்ளே அலையடிக்கும் எண்ணெயை அவர் அடக்கிக்கொண்டு போகிறார். அவருக்கு வழி விடுவோம். ஒரு வேளை அது கவிழ்ந்து கிடந்தால், குடத்தோடு அருகே போகாமல், அடுப்பை அணைத்துவிட்டு, காற்று வருகிற திசையைப் பார்த்து விலகிப் போவோம். பத்துப் பேரிடம் இதைச் சொல்லியும் வைப்போம்.