பத்திரத்தில் தங்கிவிட்ட சொல்

2016 டிசம்பரில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஜுக்கர்பெர்க்கின் சார்பில் ஹவாயின் கவாய் தீவில் சில வழக்குகள் தொடுக்கப்பட்டன. அங்கே அவர் வாங்கியிருந்த சுமார் 700 ஏக்கருக்கு நடுவே, பிறருக்குப் பாத்தியப்பட்ட சிறு துண்டுகள் கிடந்தன. வாரிசுகள் யார் யார் என்று தீர்த்து அவற்றையும் கைப்பற்றுவதே நோக்கம். ஊர் கொதித்தது. அடுத்த மாதமே அவர் பின்வாங்கினார். அந்தத் துண்டு நிலங்களுக்கு அங்கே வழங்கும் பெயர் குலெயானா.

புகுயி, எல்பெர்ட் இருவரும் தொகுத்த ஹவாய் மொழி அகராதியில் இச்சொல்லுக்கு நிலம் என்பது பல பொருள்களில் ஒன்றுதான். உரிமை, பொறுப்பு, பங்கு, அதிகாரம், காரணம் எல்லாம் குலெயானாவே. தூரத்துச் சொந்தத்தை எந்த ரத்த உறவினர் வழியாக முறை சொல்கிறார்களோ, அவரும் குலெயானா. ஜுக்கர்பெர்க்கின் வக்கீல்கள் தேடியதும் அந்த முறையைத்தானே!

பழைய ஹவாயில் மலையிலிருந்து கடல் வரை நீளும் நிலப்பகுதிக்கு அஹுபுவா என்று பெயர். குடிகள் அதில் சேம்பு பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், மரம் வெட்ட மேலே காட்டுக்குப் போனார்கள். வாய்க்காலைப் பராமரிப்பதும் தண்ணீர் எடுப்பதும் ஒரே குலெயானா. விற்பது, வாங்குவது என்ற பேச்சே இல்லை.

1848-இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் ‘மாஹெலே’, அதாவது பங்கீடு, நடத்தினார். நிலம் அரசர், தலைவர்கள், அரசாங்கம் என்று பிரிந்தது. குடிகளுக்கான குலெயானா சட்டம் 1850 ஆகஸ்ட் 6-இல்தான் வந்தது. ஆனால் விண்ணப்பிக்கும் கெடுவோ 1848 பிப்ரவரியிலேயே முடிந்துபோயிருந்தது. முன்பே விண்ணப்பித்தவர்களும் நிலத்தை அளக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். கடைசியில் எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்குச் சுமார் 28,600 ஏக்கர் கிடைத்தது. தீவுகளின் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குலெயானா சட்டத்துக்குச் சில வாரம் முன்புதான் வெளிநாட்டவர் நிலம் வாங்கவும் சட்டம் வழிவிட்டிருந்தது. பின்னர் கரும்புத் தோட்டங்கள் ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டபோது எத்தனையோ சேம்பு வயல்கள் காய்ந்தன. உறவையும் கடமையையும் சுமந்த சொல் ஒரு சர்வே எண்ணாகச் சுருங்கியது.

1893 ஜனவரி 17-இல் அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, வணிகர் கூட்டமொன்று லிலியுவோகலானி அரசியைக் கவிழ்த்தது. அவர்கள் அமைத்த குடியரசு அரச நிலங்களையும் அரசாங்க நிலங்களோடு சேர்த்துக்கொண்டது. 1898-இல் ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர் அமெரிக்காவின் கைக்குப் போனது. ஹவாய் மக்களிடம் சம்மதமும் கேட்கவில்லை, இழப்பீடும் தரவில்லை. அரச நிலங்களுக்காக அரசி தொடுத்த வழக்கும் 1910-இல் தள்ளுபடியானது. நூறாண்டு கழித்து, 1993-இல், அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மன்னிப்பு நில உரிமை எதையும் மாற்றவில்லை என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழகான ஆங்கிலத்தில் எழுதிய வருத்தம், அவ்வளவுதான்.

பழைய பத்திரங்களில் ஒதுங்கிக் கிடந்த ஒரு வாசகத்துக்கோ இன்னும் உயிர் இருக்கிறது. பெருநிலங்களுக்குப் பட்டா கொடுத்தபோது ‘குடிகளின் குலெயானா நீங்கலாக’ என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தே எழுதினார்கள். விறகு, வீட்டு மரம், கூரை வேயும் புல், குடிநீர், நடைவழி ஆகியவற்றுக்கு 1850 சட்டத்தின் ஏழாம் பிரிவும் இடம் வைத்தது. 1978-இல் மாநில அரசியல் சட்டம் மரபு உரிமைகளுக்குத் தனிக் காப்பு தந்தது. கொஹானாயிகி கடற்கரையில் சொகுசு விடுதி கட்டும் திட்டத்தை எதிர்த்தவர்கள், அங்குள்ள குட்டைகளில் இறால் பிடிக்கும் மரபைச் சுட்டினார்கள். தனியார் பட்டா இருப்பதாலேயே இத்தகைய உரிமை அழிந்துவிடாது என்று 1995-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஏழாம் பிரிவு ஹவாய் மாநிலச் சட்டத் தொகுப்பில் 7-1 என்ற எண்ணோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.