அரை அங்குலச் சங்கிலி

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பால்மரத்தைப் பற்றி எழுதுவார்கள். துரைமாரையும் கங்காணிமாரையும் பற்றி எழுதுவார்கள். 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தையில் (2007 முதல் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா) தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டதும், அதுவே இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் ஆனதும் நம் பிள்ளைகள் அறிந்த செய்தி. ஆனால் அந்தத் தோட்டங்களிலிருந்து நம் சனங்களைப் பட்டணம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த ஒரு பொருளைப் பற்றி யாரும் எழுதக் காணோம். முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் ஓடிய சங்கிலியைத்தான் சொல்கிறேன்.

கிணற்றுச் சங்கிலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் சால்ஃபர்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் 1864-ல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஊசியானது மெல்லிய தகட்டின் ஓரத்திலேயே உராய்ந்தபடியால் சீக்கிரம் தேய்ந்தது. பஞ்சாலைகளுக்குச் சங்கிலி செய்து கொடுத்த அந்தச் சிறிய பட்டறையை 1879-ல் விலைக்கு வாங்கியவர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஹான்ஸ் ரெனால்டு. மறு வருடமே ஊசிக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சிறு குழாயை நுழைத்தார். புஷ் என்கிறோமே, அதுதான். பாரம் ஓரத்தில் மட்டும் விழாமல் புஷ்ஷின் நீளம் முழுவதும் பரவியது. 1885-ல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டிக் காட்டியது. இன்றைக்கும் மோட்டார் சங்கிலியைப் பிரித்துப் பார்த்தால் ரெனால்டின் அதே ஊசி, அதே புஷ், அதே உருளை.

தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவருக்கு ஒரு காலத்தில் தனி மரியாதை. பெரட்டுக்குப் போக, பால் வாளியை ஸ்டோருக்குக் கொண்டுவர, சம்பளத்தன்று சாமான் வாங்க எல்லாவற்றுக்கும் அதுதான் வாகனம். சங்கிலி தொய்ந்தால் ஆணியும் சுத்தியலும் போதும். ஒரு சோடிக் கண்ணியைக் கழற்றி மறுபடி தட்டி இணைத்துவிடுவார்கள். மிதிக்கிற கால்தானே இன்ஜின்! அறுந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம்.

1958-ல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. பினாங்கில் சிறு வயதில் பஸ் கழுவி, மெக்கானிக்காகி உயர்ந்த லோ பூன் சியூ அதே ஆண்டில் ஹோண்டாவின் மலாயா முகவரானார். ‘கப்’ என்பதோடு, சின்னது என்று பொருள்படும் ‘சாய்’ என்ற கண்டனீஸ் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆயிற்று. 2017-ல் உலகம் முழுவதும் பத்துக் கோடி வண்டிகள் என்ற கணக்கை எட்டிய வண்டி அது. 50 சிசிதான், ஆனால் நாலரைக் குதிரைச் சக்தி. சங்கிலியைச் சுற்றி முழு மூடி போட்டிருந்தார்கள். மண்சடக்குக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. அழகுக்காக அதைக் கழற்றி எறிகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சைக்கிளுக்கும் கப்சாய்க்கும் கண்ணியின் நீளம் ஒன்றுதான்: அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அதனாலோ என்னவோ, கண்ணி கழற்றும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. “ரெண்டு கண்ணிய கழட்டுனா சரியாப் போச்சு” என்று இன்றும் சொல்கிறார்கள். சரியாகாது. சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். இழுத்தால் நீள்வதற்கு இரும்பு என்ன ரப்பரா? சேறும் மணலும் எண்ணெயோடு கலந்து ஒவ்வொரு ஊசியையும் புஷ்ஷையும் அரைத்துவிடுகின்றன. கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலும் நூறு கண்ணிக்கு 25 மில்லிமீட்டர் ஆகிறது. இரண்டு கண்ணியைக் கழற்றினால் மொத்த நீளம் சரிப்படும். மீதி 98 கண்ணிகளும் தேய்ந்தவை தேய்ந்தவைதான். அவை பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறும். பாரம் இழுக்கும்போது தாவும், அல்லது அறுந்து பின்சக்கரத்தில் சிக்கும். பிரேக் பிடிக்காமலே சக்கரம் பூட்டிக்கொண்டால், பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்ன ஆகும்? இது சைக்கிளைப் போல் இறங்கித் தள்ளுகிற காரியமல்ல.

மாணவர்களே, உங்கள் 30 சென்டிமீட்டர் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்த பிறகு, அப்பாவைச் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 20 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதுச் சங்கிலி 254 மில்லிமீட்டர் காட்டும். 259 காட்டினால் அதன் ஆயுள் முடிந்தது.

அப்போது சங்கிலியை மட்டும் மாற்றுவது பணத்தை மிச்சம் பிடிப்பதாகாது. கடையில் ஸ்ப்ராக்கெட் என்று கேட்கிற இரண்டு பல்சக்கரங்களும் பழைய சங்கிலியோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். பற்கள் கொக்கி போல வளைந்திருக்கும். அவற்றில் மாட்டிய புதுச் சங்கிலி சீக்கிரமே பழசாகிவிடும். ஆகவே மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம்.

பெட்டியில் 420, 428 என்று எண் இருக்கும். முதல் எண் 4 என்றால் எட்டில் நாலு, அதாவது அரை அங்குலம். நீளம் ஒன்றேயானாலும் 428 அகலம் கூடியது. ஆகவே ஒன்றின் சக்கரத்தில் மற்றதைப் போடக்கூடாது. பல் எண்ணிக்கை வேறு விஷயம். முன்னால் 14, பின்னால் 36 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லைக் கூட்டுவதற்குச் சமம். இழுவை கூடும், வேகம் குறையும், இன்ஜின் அதிகம் கத்தும். செம்பனைக் காட்டுக்குள் மூட்டை ஏற்றுகிறவர் அப்படிச் செய்தால் நியாயம் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவருக்கு வண்டியோடு வந்த கணக்கே போதும்.

மாட்டி முடித்ததும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பைக் குனிந்து பாருங்கள். அதன் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பியிருந்தால், அங்கேயே கழற்றி மாட்டச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.