புதுசைவிட பழசுக்கு விலை அதிகம்!

இன்னிக்கு ஷோரூமை விட்டு வெளிய வந்ததுமே காரோட விலை இறங்கிடும். 1960கள்ல இந்தியாவில் கதையே தலைகீழ். எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதை அரசு லைசென்ஸ்தான் முடிவு செய்தது. ரோட்ல பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட், நம்ம சென்னையில தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். பொறுமை இல்லாதவங்க, ஓரளவு ஓடின ஃபியட்டையே புது விலைக்கு மேல கொடுத்து வாங்கினாங்க. முதல் கார் வாங்குறவர் பாவம், பேரமே பேச முடியாது. “கிளட்ச் சரியில்லையே”ன்னா, “அப்போ புதுசுக்கே புக் பண்ணுங்க சார்”னு விக்கிறவர் சொல்லிடலாம்!

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. அதுக்கும் க்யூதான். 1993ல கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. புதுப்புது கம்பெனிகள் வந்தன, க்யூ கரைந்தது. “எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?”ன்னு கேட்டு விலையைக் குறைக்கிற தைரியம் அதுக்கப்புறம்தான் நமக்கு வந்துச்சு.