கோப்பி இலையில் எழுந்த மஞ்சட் புள்ளி

1869ஆம் ஆண்டில், ஊவா மலைப்பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையில், கோப்பிச் செடிகள் சிலவற்றின் இலைகளிலே மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. இலையைப் புரட்டிப் பார்த்தபோது அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்திருந்தது. விரலாற் தொட்டால் துருவைப்போல ஒட்டிக்கொண்டது. மழை நின்றால் தானே மாறிவிடும் என்று பலரும் எண்ணினர். இருபது ஆண்டுகள் செல்லுமுன்னரே இலங்கையின் பெருஞ்செல்வமாயிருந்த கோப்பித் தொழில் அழிந்துபோயிற்று.

அவ்வழிவின் பெருமையை உணரக் கோப்பியின் வளர்ச்சியை முதலிற் காணல் வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டிலே தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டு ஏனையோர்க்கு வழிகாட்டினார். 1830ஆம் ஆண்டுகளின் பின் காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி எரிக்கப்பட்டன. கம்பளை, மாத்தளை, ஊவா எனத் தோட்டங்கள் பரந்தன. விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லக் கொழும்பிலிருந்து கண்டிவரை புகையிரதப் பாதை அமைத்து 1867இல் நிறைவேற்றினர். 1870இல் நாட்டை விட்டுச் சென்ற கோப்பி பத்து இலட்சம் அந்தருக்கும் அதிகமாகும்.

இச்செல்வத்தைத் தம் உழைப்பால் ஆக்கியவர்கள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டுக் கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டோர் பலர். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்திற்கு வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவதே அவர்களுட் பெரும்பாலோரின் வழக்கமாயிருந்தது.

இந்நிலையிலேதான் மஞ்சட் புள்ளி தோன்றியது. அதனை அறிந்தவர் எவருமில்லை எனல் பொருந்தாது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பார் நோயுற்ற இலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்லி என்னும் பங்கசு ஆய்வாளருக்கு அனுப்பினார். அவர் அவ்வாண்டிலேயே அதனைப் புதியதொரு பங்கசு எனக் கண்டு, 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். அதன் வித்தி ஒரு பக்கம் வழவழப்பாயும் மறுபக்கம் முட்கள் நிறைந்தும் இருத்தலால் முதற்சொல் அமைந்தது. இரண்டாஞ் சொல்லின் பொருள் பாழாக்குவது என்பதாகும். தோட்டத்துரைமாரோ அதனை 'நாசகார எமிலி' என்று கேலியாக அழைத்தனர்.

நோய் தோன்றிய ஆண்டிலேயே அதற்குப் பெயரும் கிடைத்தது. எனினும் அதனை முறையாக ஆராயப் பத்தாண்டுகள் கடந்தன. இதற்குக் காரணம் உண்டு. துருநோய் கண்ட செடி உடனே மடிவதில்லை. இலைகள் உதிரும். சில வாரங்களிற் புதிய தளிர் துளிர்க்கும். நோய் நீங்கியது என உரிமையாளர் மகிழ்வர். ஆனால் இலையை இழந்து இழந்து செடி மெலியும், காய் குறையும். அதே காலத்திற் கோப்பியின் விலை உயர்ந்தது. விளைச்சல் குறைந்தும் வருவாய் குறையவில்லை. ஆகவே புதிய காடுகளை வெட்டி மேலும் கோப்பியையே நட்டனர். மண் சத்திழந்தது என்றும், காலநிலை கெட்டது என்றும் காரணங் கூறினர். சில ஆண்டுகளில் நோய் எல்லாக் கோப்பி மாவட்டங்களிலும் பரவிவிட்டது.

விளைச்சலின் வீழ்ச்சியை மறைக்க முடியாத நிலை வந்தபின்னரே அரசாங்கம் விழித்தது. 1880இல் மார்ஷல் வாட் என்னும் இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தார். ஈராண்டுகள் இங்கு தங்கி, நுணுக்குக்காட்டியின் துணையோடு நோயின் வாழ்க்கையை அடிமுதல் ஆராய்ந்தார். இலைமேல் நீர்த்துளியை இட்டு, அதில் வித்திகளை வைத்து, அவை முளைப்பதைக் கண்டார். முளைத்த இழை இலைவாய் வழியாக உட்புகுந்து, திசுக்களிடையே பரந்து, இரண்டொரு வாரத்தின் பின்னரே வெளியே புள்ளியாகத் தோன்றுவதை நிறுவினார். கண்ணுக்குப் புள்ளி தெரியும்போது பகை கோட்டைக்குள் புகுந்து பல நாளாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

வித்திகள் எவ்வாறு பரவுகின்றன என்பதை அறிய அவர் செய்த சோதனை மிக எளியது. கண்ணாடித் துண்டுகளிற் கிளிசரின் பூசிக் காற்றுப்படும் இடங்களில் வைத்தார். பின்னர் அவற்றை ஆராய்ந்தபோது துருவின் வித்திகள் அவற்றில் ஒட்டியிருந்தன. நோயைச் சுமந்து திரிவது காற்றே என்பது தெளிவாயிற்று. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்தமையால் அக்காற்றைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை.

உட்புகுந்த பங்கசை மருந்தால் அழித்தல் அரிது, வித்தி முளைக்குமுன் இலையைக் காத்தலே வழி என்பது வாட்டின் ஆய்வினாற் புலனாயிற்று. சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பயன் காணாத தோட்டக்காரருக்கு இது ஏமாற்றமாயிருந்தது. அவர்கள் வேண்டியது காரணமன்று, மருந்து. வாட் 1882இல் நாடு திரும்பினார். துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பிரான்சு நாட்டு மில்லார்டே 1885இல் வெளியிட்டார். இலையைக் காக்கும் மருந்து அதுவே. ஆனால் அதற்குள் இலங்கைக் கோப்பியின் கதை முடியுந் தறுவாயை எய்திவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது.

துரைமார் பலர் செல்வம் இழந்து நாட்டை விட்டகன்றனர். தொழிலாளரோ செய்த வேலைக்குரிய கூலியையே இழந்து நின்றனர். வரலாற்று நூல்கள் முன்னதை விரித்துக் கூறும் அளவிற்குப் பின்னதைக் கூறுவதில்லை.

வெறுமையான மலைகளிற் சிலகாலம் சிங்கோனா நட்டனர். இறுதியில் நிலைத்தது தேயிலை. ஜேம்ஸ் ரெயிலர் 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்திற் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டிருந்தார். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறித்தல் வேண்டும். ஆகவே பருவத்திற்கு வந்து திரும்பிய தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களிலே தங்கலாயினர். மலையகத் தமிழர் என்னும் நிலைத்த சமுதாயம் உருவாகிய வரலாற்றிலே ஒரு சிறு பங்கசுக்கும் பங்குண்டு.

இக்கதை இலங்கையோடு முடியவில்லை. அதே கோப்பித் துரு 1970இல் பிரேசிலை அடைந்தது. துருவினத்தைச் சேர்ந்த வேறொரு நோய் சோயா அவரையைத் தாக்கி, 2004 நவம்பரில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் லூசியானாவிற் காணப்பட்டது. ஆனால் அங்கு பத்தாண்டுகள் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே மாநிலங்கள் தோறும் காவற் பாத்திகள் அமைக்கப்பட்டன. அயல் வயல்களுக்கு முந்தி விதைத்த இச்சிறு பாத்திகளின் இலைகளைக் கிழமைதோறும் பறித்து, அடிப்புறத்தை உருப்பெருக்குக் கண்ணாடியாற் சோதித்தனர். சில இடங்களிற் காற்றில் வரும் வித்திகளைப் பிடிக்கும் பொறிகளையும் வைத்தனர். நோய் எங்கே வந்துள்ளது என்பது படத்திற் குறிக்கப்பட்டு உழவருக்கு அறிவிக்கப்பட்டது. வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில் மட்டும் மருந்து தெளித்தல் இதனாற் கைகூடியது.

காற்றில் வரும் பகையை அது வரும் வழியிலேயே காணும் இம்முறைக்கு முன்னோடி, இலங்கை மலைகளிலே கிளிசரின் பூசி வைக்கப்பட்ட கண்ணாடித் துண்டாகும். அத்துண்டை வைத்த வாட் இலங்கைக்கு வந்தது 1880இல். இலையில் மஞ்சட் புள்ளி எழுந்ததோ 1869இல். இடைப்பட்ட அந்தப் பதினோர் ஆண்டுகளின் விலையைக் கொடுத்தது ஒரு நாடு.