"அள்ளவே வேண்டாம்": செப்டிக் டேங்கோடு சேர்ந்து பிறந்த ஒரு பொய்

1/ "எங்க வீட்டு செப்டிக் டேங்க் கட்டி 25 வருஷம் ஆச்சு டாக்டர், ஒரு தடவை கூட எடுத்ததில்ல." இதைப் பெருமையா சொல்றவங்க நிறைய பேர். நல்லா கட்டின டேங்கை அள்ளவே வேண்டாம்ங்கிற நம்பிக்கை எங்கேருந்து வந்துச்சு? அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ பிரான்ஸில் வெசூல் என்ற ஊர். 1860 வாக்கில் லூயி மூரா என்பவர் காற்றுப் புகாத ஒரு தொட்டியைக் கட்டினார். ஒரு பக்கம் கழிவு உள்ளே போகும், மறுபக்கம் கலங்கிய தண்ணீர் வெளியே வரும். 1881-ல் காப்புரிமை வாங்கினார். அதுக்கு வெச்ச பேரே "தானே துப்புரவு செய்யும் தொட்டி". அதுவரை வீட்டு மலக்குழிகளை ஆட்கள்தான் அள்ளிக்கிட்டு இருந்தாங்க. இனி எல்லாம் கரைஞ்சு தண்ணியாயிடும், அள்ள ஆள் வேண்டாம் என்பதுதான் வாக்குறுதி.

3/ அடுத்தது இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரம், 1895. நகர சர்வேயர் டொனால்ட் கேமரன் ஊர்க் கழிவுக்கே மூடிய தொட்டி கட்டினார். "செப்டிக் டேங்க்" என்ற பெயர் அவர் வைத்தது. அழுகுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொட்டியில் உண்டான வாயுவைப் பிடித்து அங்கே விளக்கும் எரித்தார்கள். இந்த வாயுவை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

4/ சேறு என்ற தொல்லையே ஒழிஞ்சதுன்னு பேச்சு பரவியது. உண்மையா? 1898-ல் பிரிட்டிஷ் அரசு கழிவுநீர் பற்றி ஆராய ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. 1908-ல் வந்த அறிக்கை தெளிவாகவே சொன்னது: திடக்கழிவு முழுக்கச் செரிப்பதில்லை. வெளியே வரும் தண்ணீரும் கிருமி விஷயத்தில் உள்ளே போன சாக்கடைக்குக் கிட்டத்தட்ட சமம்தான்.

தீர்ப்பு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் பழைய வாக்குறுதியைத்தான் நம்பிட்டு இருக்கோம்.

5/ ஏன் முழுக்கக் கரையாது? தொட்டிக்குள் மூணு அடுக்கு. மேலே எண்ணெய்ப் பசை ஆடை, நடுவில் தண்ணீர், அடியில் சேறு. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சேற்றில் ஒரு பகுதியைத்தான் செரிக்கும். மண், நார், செத்த பாக்டீரியா எல்லாம் தங்கிடும். சாணி கரைச்சு ஊத்தினாலும், ஈஸ்ட் போட்டாலும், பாக்கெட் பவுடர் போட்டாலும் இது மாறாது. தேவையான பாக்டீரியா நம்ம மலத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கு.

6/ "ஆனா எங்க டேங்க் நிறையவே இல்லையே?" சரியா கட்டின டேங்க் வெளிக்குழாய் மட்டம் வரை எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும். பார்க்க வேண்டியது அடியில் சேறு எவ்வளவு உயரம்னுதான். பல வருஷம் எடுக்கலைன்னா சேறு தண்ணியோட சேர்ந்து உறிஞ்சு குழிக்கோ தெருச் சாக்கடைக்கோ போகுது. இல்லேன்னா அடியில் கான்கிரீட்டே இல்லாம வெறும் உறை இறக்கியிருக்காங்க. அது செப்டிக் டேங்க் இல்லை, மண்ணுக்குள் கசியும் குழி. பக்கத்தில் கிணறோ போரோ இருந்தா டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்குக் கிருமிகள் அதில் கலக்கலாம்.

7/ இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. வருஷக்கணக்கில் விட்ட சேறு களிமண் மாதிரி இறுகிடும். லாரி குழாய் அதை உறிஞ்சாது. அப்பதான் யாரையாவது பார்த்து "உள்ள இறங்கி கொஞ்சம் கலக்கி விடுப்பா"ன்னு சொல்றோம். அந்த "யாராவது" பெரும்பாலும் எந்தச் சாதிக்காரர்னு நமக்கெல்லாம் தெரியும்.

8/ உள்ளே இருக்கிற வாயு என்ன? எக்ஸிடரில் விளக்கெரித்த அதே மீத்தேன். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு. இது குறைவா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினா மூக்கின் வாசனை நரம்பே மரத்துடும். "இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்"னு நினைக்கிற நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கலாம். சில மூச்சிலேயே மயக்கம் வரும். காப்பாத்தக் குதிக்கிறவருக்கும் அதே கதி. ஒரே தொட்டியில் ரெண்டு மூணு பேர் சாவது இதனால்தான். விளக்கை இறக்கி சோதிக்கிறதும் வேண்டாம், மீத்தேன் வெடிக்கும்.

9/ பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கச் சொன்ன வீட்டுக்காரர் தப்ப முடியாது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சாக்கடை மரணங்களுக்கு 2023-ல் அதையே 30 லட்சமாக்கியது. உயிர் திரும்பாது.

10/ என்ன செய்யலாம்?
• 2-3 வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வெச்சு எடுங்க. சேறு இளகலா இருக்கும்போதே எடுத்தா யாரும் இறங்க வேண்டிய அவசியமே வராது.
• அனுமதி பெற்ற லாரிக்கு 14420.
• நாப்கின், டயப்பர், சமையல் எண்ணெய் உள்ளே போக வேண்டாம்.
• யாராவது உள்ளே விழுந்துட்டா நீங்க இறங்காதீங்க. உடனே 101, 108.

11/ அள்ள ஆள் வேண்டாம்னு மூரா சொன்னது நல்ல ஆசைதான். ஆனா தொட்டி தானா அதை நிறைவேத்தாது, நாமதான் நேரத்துக்கு மெஷின் வெச்சு எடுக்கணும். உங்க வீட்டு டேங்கை கடைசியா எப்ப எடுத்தாங்க? இன்னைக்கே வீட்ல கேளுங்க. யாருக்கும் ஞாபகம் இல்லைன்னா, எடுக்கிற நேரம் தாண்டிடுச்சுன்னு அர்த்தம்.