ஆர்எஸ்டிபி: போர்ட் பொறுப்புகள்

ஆர்எஸ்டிபி எனப்படும் ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ, ஈதர்நெட் ஸ்விட்சுகளுக்கிடையே லூப் உண்டாகாமல் காக்கும் நெறிமுறை. ஈதர்நெட் ஃபிரேமில் ஆயுள் எண்ணிக்கை கிடையாது. லூப்பில் சிக்கிய பிராட்காஸ்ட் சுற்றிச்சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். ஆகவே மாற்று வழிகள் இருந்தாலும் சில போர்ட்டுகள் வாய்மூடி இருந்தாக வேண்டும். எந்த போர்ட் பேசுவது, எது மௌனம் காப்பது என்று முடிவு செய்வதே பொறுப்புப் பங்கீடு.

மூல அல்காரிதம் 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் வகுத்தது. அதை விளக்க அவர் ‘அல்கோரைம்’ என்றொரு கவிதையும் எழுதினார். ஐஇஇஇ 1990-இல் இதை 802.1டி என்ற தரநிலையாக்கியது.

பழைய முறையில் பெயர் பெற்றவை, ரூட் பிரிட்ஜ் எனும் தலைமை ஸ்விட்சை நோக்கிய ரூட் போர்ட், ஓர் இணைப்பின் போக்குவரத்தை ரூட் பக்கம் கடத்தும் டெசிக்னேட்டட் போர்ட் இரண்டே. மிஞ்சியவை வெறுமனே ‘பிளாக்கிங்’ நிலையில் கிடந்தன. ஓர் இணைப்பு அறுந்தால் 20 விநாடி காத்திருப்பும் இரண்டு 15 விநாடிகளும் சேர்ந்து 50 விநாடி வரை போக்குவரத்து நின்றது. சிஸ்கோ இடைக்காலத்தில் அப்லிங்க்ஃபாஸ்ட், பேக்போன்ஃபாஸ்ட் போன்ற சொந்த நீட்டிப்புகளைத் தந்தது. ஆர்எஸ்டிபி அவற்றுக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டுக்கும் ஒப்புமை இருப்பது மட்டும் வெளிப்படை.

2001-இல் வந்த 802.1டபிள்யூ, போர்ட்டின் பொறுப்பையும் அதன் நிலையையும் தனித்தனியாகப் பிரித்தது. நிலைகள் டிஸ்கார்டிங், லேர்னிங், ஃபார்வர்டிங் என மூன்றாகச் சுருங்கின. சும்மா கிடந்த போர்ட்டுகளுக்கு ஆல்டர்நேட், பேக்கப் என்ற பொறுப்புகள் கிடைத்தன. ‘டிஸேபிள்டு’ என்பதையும் சேர்த்துப் பொறுப்புகள் ஐந்து என்பார் உண்டு. நான்கோடு நிறுத்தும் பாடநூல்களும் உண்டு.

பங்கீடு, ஸ்விட்சுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பிபிடியு செய்திகளை ஒப்பிட்டு நடக்கிறது. ரூட் பிரிட்ஜின் அடையாள எண், ரூட் வரையிலான செலவு, அனுப்பிய ஸ்விட்சின் அடையாள எண், அனுப்பிய போர்ட்டின் எண் என்ற வரிசையில் எது சிறியதோ அதுவே வெல்லும். ஸ்விட்சின் அடையாள எண்ணில் முதலில் வருவது முன்னுரிமை. அதன் இயல்பு மதிப்பு 32768. யாரும் அதைத் தொடாமல் விட்டால் சிறிய மேக் முகவரி வென்றுவிடும். மூலையில் தூசி படிந்த ஏதோ ஒரு பழைய ஸ்விட்ச் முழு நெட்வொர்க்குக்கும் ரூட்டாகிவிடுவது இப்படித்தான்.

அ, ஆ, இ என மூன்று ஸ்விட்சுகள் முக்கோணமாக, 1 ஜிகாபிட் இணைப்புகளில் இருப்பதாகக் கொள்வோம். 802.1டி-யின் 2004 பதிப்பு அட்டவணைப்படி ஒவ்வோர் இணைப்பின் செலவு 20,000. ‘அ’ ரூட், அதன் போர்ட்டுகள் யாவும் டெசிக்னேட்டட். ஆ, இ இரண்டிலும் ‘அ’வை நோக்கியது ரூட் போர்ட். ஆ–இ இணைப்பில் இருபுறமும் செலவு சமம். அடையாள எண் சிறிய ‘ஆ’ டெசிக்னேட்டட் ஆகிறது, ‘இ’யின் போர்ட் ஆல்டர்நேட். அ–இ இணைப்பு அறுந்ததும் அந்த ஆல்டர்நேட் டைமர் எதற்கும் காத்திராமல் ரூட் போர்ட்டாகிறது. ரூட்டுக்கான செலவு இப்போது 40,000.

பேக்கப் போர்ட் அபூர்வப் பிறவி. ஒரே ஸ்விட்சின் இரு போர்ட்டுகள் ஒரே ஹப்பில் செருகப்பட்டால், எண் சிறியது டெசிக்னேட்டட், மற்றது பேக்கப். ஹப்புகள் வழக்கொழிந்த பின், யாராவது ஒரே ஸ்விட்சின் இரு போர்ட்டுகளைத் தவறி ஒரு பேட்ச் கார்டால் இணைத்தால்தான் இது தலைகாட்டும். பிபிடியுவின் கொடி பைட்டில் பொறுப்புக்கு ஒதுக்கப்பட்டது இரண்டே பிட். 10 ரூட்டுக்கு, 11 டெசிக்னேட்டட்டுக்கு. ஆல்டர்நேட்டும் பேக்கப்பும் 01-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய முறை அந்த பைட்டின் எட்டு பிட்டுகளில் ஆறை வெறுமனே விட்டுவைத்திருந்தது.

டெசிக்னேட்டட் போர்ட் விரைந்து திறக்க ‘புரபோசல்–அக்ரிமென்ட்’ கைகுலுக்கல் உண்டு. புரபோசல் பெற்ற ஸ்விட்ச் தன் மற்ற டெசிக்னேட்டட் போர்ட்டுகளை, கணினி போன்ற இறுதிச் சாதனங்களுக்கான எட்ஜ் போர்ட்டுகள் நீங்கலாக, அடைத்துவிட்டே அக்ரிமென்ட் அனுப்பும். ஃபுல் டூப்ளெக்ஸ் இணைப்பில்தான் இது நடக்கும்; ஹாஃப் டூப்ளெக்ஸில் மீண்டும் டைமர்கள்தாம் கதி.

ரூட்டே செயலிழந்தால் பழைய தகவல் சுற்றிக்கொண்டேயிருந்து தற்காலிக லூப் உண்டாகலாம் என்று ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். நடைமுறையில் அது எந்த அளவு தொல்லை என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

2004-இல் 802.1டி-யிலிருந்து பழைய நெறிமுறை நீக்கப்பட்டு ஆர்எஸ்டிபி இடம்பெற்றது. 2014-இல் அது 802.1கியூ-வோடு இணைந்தது. டேட்டா சென்டர்களில் 802.1ஏகியூ, டிரில் முதலிய மாற்றுகள் முன்வைக்கப்பட்டன.