பழைய சிஎன்சி யந்திரத்தில் டூல் சேஞ்சர் புதுப்பித்தல்

துளையிடவும் சீவவும் வேண்டிய வெட்டுக்கருவிகளை மனிதர் கை படாமல் தானே மாற்றிக்கொள்ளும் உறுப்பாகிய டூல் சேஞ்சர், 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கியர்னி அண்ட் டிரெக்கர் நிறுவனத்தார் வெளியிட்ட மில்வாக்கி-மேட்டிக் யந்திரத்தால் பிரசித்தி பெற்றது. கணினியால் இயங்கும் இவ்வகைச் சிஎன்சி யந்திரங்களின் வார்ப்பிரும்பு உடல் பல தசாப்தங்கள் உழைக்க, அவற்றை ஆளும் மின்னணுக் கன்ட்ரோல், உதிரிபாகம் கிடையாமையால், வெகு முன்னரே பயனற்றுப் போவதுண்டு. ஆதலின் யந்திரத்தை வைத்துக்கொண்டு கன்ட்ரோலை மட்டும் மாற்றும் வழக்கம் தோன்றிற்று. அதற்கு உதவும் சாதனங்களுள் ஒன்று, அமெரிக்க அரசின் தரநிர்ணய ஸ்தாபனமாகிய நிஸ்ட் 1990களில் உருவாக்கிய மென்பொருளிலிருந்து வளர்ந்து, இன்று இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்சிஎன்சி.

அச்சுகளை ஓட்டுவது இப்பணியில் எளிய பாகமே. கருவியை மாற்றச் சொல்லும் எம்6 என்னும் கட்டளை வந்ததும், கருவியைப் பிடித்துச் சுழலும் தண்டாகிய ஸ்பிண்டில் குறித்த கோணத்தில் நிற்கவும், மாற்றுக்கை இரு கருவிகளையும் பற்றவும், வட்டு ஸ்பிரிங்குகளின் பிடியைக் காற்றழுத்தமோ எண்ணெயழுத்தமோ தளர்த்தவும், கை இறங்கி, அரைவட்டம் சுழன்று, ஏறி ஒதுங்கவும் வேண்டுமாகையால், இவற்றுள் ஒன்று பூர்த்தியானதைச் சென்சார் தெரிவிக்காமல் அடுத்தது தொடங்குவது அபாயகரம். சென்சாருக்குப் பதிலாகச் சில விநாடிகள் காத்திருக்கச் செய்து காரியத்தை முடிப்போர் உளர். வால்வு மந்தமாகும் நாளில் அவர்கள் வளைந்த கையைக் காண நேரிடும். இந்தக் கிரமம் பழைய கன்ட்ரோலின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தால் அதனோடு மறைந்துவிடுமாதலால், மின்னிணைப்பு வரைபடத்தைக் கொண்டு அதனை மீண்டும் ஊகித்தறிந்து, ரிலே சுற்று வடிவிலான லேடர் நிரலாகவோ, யந்திரக் கட்டளைமொழியாகிய ஜி-கோடு துணைநிரலாகவோ எழுதுகின்றனர். மென்பொருள், கருவியை மாற்றுமாறு சமிக்ஞை அனுப்பிவிட்டு, மாற்றம் முடிந்ததென்னும் பதில் வரும்வரை வெட்டு நிரலை நிறுத்தி வைக்கும்.

கருவிகளை அடுக்கி வைக்கும் குடை போன்ற மேகசினில் ஸ்பிண்டிலே கருவியை அதற்குரிய அறையாகிய பாக்கெட்டில் திரும்ப வைத்துவிடுவதால் கணக்கு மாறுவதில்லை. மாற்றுக்கை கொண்ட வகையிலோ, பழைய கருவி புதியதன் பாக்கெட்டில் போய் அமர்கிறது. ஆதலின் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், கருவிகளின் இடத்தையும் நீளத்தையும் குறிக்கும் பட்டியலாகிய டூல் டேபிளைத் திருத்தியாக வேண்டும். நடுவில் மின்சாரம் தடைப்பட்டு டேபிள் பொய்த்துப்போனால், தவறான நீள அளவோடு இறங்கும் கருவி வேலைப்பொருளில் மோதும். எனவே, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே கைமுறையில் நடத்திக் கருவியை மீட்கும் வசதியையும், பாக்கெட்டுகளின் கணக்கை நேரில் சரிபார்த்து எழுதும் வசதியையும் நிரலில் அமைத்து, முதற்சோதனைகளை வெட்டுக்கருவி பொருத்தாத வெறும் ஹோல்டர்களைக் கொண்டே நடத்துவர்.